டீபக்கர் எதைக் காட்டாது? சிப்பை நிறுத்திப் பார்க்கும் கருவியின் எல்லைகள்

மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் ஒரு புதிர் உண்டு. பலகையில் ஒரு பிழை வருகிறது. டீபக்கரை மாட்டிப் பார்த்தால் வருவதில்லை. கழற்றினால் மறுபடியும் வருகிறது. நேர்மாறாகவும் நடக்கும்: நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய நிரல், டீபக்கரை மாட்டி ஒரு வரியில் நிறுத்தியதும் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தவர் முதலில் தன் நிரலைச் சந்தேகிப்பார், பிறகு சிப்பைச் சந்தேகிப்பார். கையில் இருக்கும் கருவியைச் சந்தேகிக்கக் கடைசியில்தான் தோன்றும்.

பெரும்பாலும் இதில் கருவியின் குற்றம் என்று எதுவும் இல்லை. அதன் எல்லைகள் இரகசியமும் அல்ல. கையேடுகளில் எழுதித்தான் இருக்கின்றன. ஆனால் சிப் தயாரிப்பாளரின் கையேட்டில் ஒன்று, சிப்புக்குள் ஆணைகளை நிறைவேற்றும் பகுதியான கருவை வடிவமைத்த ஆர்ம் நிறுவனத்தின் கையேட்டில் ஒன்று, மென்பொருளின் கையேட்டில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. இந்தக் கட்டுரை ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகளையும், அவற்றோடு பேச உதவும் ஓபன்ஓசிடி என்ற திறமூல மென்பொருளையும் எடுத்துக்கொண்டு அந்த எல்லைகளை விளக்குகிறது. வேறு சிப், வேறு கருவி என்றால் எண்கள் மாறும். சங்கதி பெரிதாக மாறாது.

கணினிக்கும் சிப்புக்கும் நடுவே

திரையில் நீங்கள் பார்க்கும் மாறியின் மதிப்பு நான்கு கை மாறி வருகிறது. உங்கள் கட்டளையை வாங்குவது ஜிடிபி என்ற டீபக்கர் மென்பொருள். அது நேரடியாகச் சிப்புடன் பேசாது. 3333 என்ற போர்ட் வழியாக ஓபன்ஓசிடியிடம் சொல்லும். ஓபன்ஓசிடி அதை யூஎஸ்பி வழியாக ஒரு சிறிய அடாப்டருக்கு அனுப்பும். அடாப்டர் அதை மின் துடிப்புகளாக மாற்றிச் சிப்பின் கால்களில் செலுத்தும். சிப்புக்குள் இதற்கென்றே ஒரு தனிச் சுற்று இருக்கிறது. கருவை நிறுத்துவது, ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தை) படிப்பது, நினைவகத்தில் எழுதுவது எல்லாம் அந்தச் சுற்றின் வேலை. அந்தச் சுற்றால் முடியாத எதையும் வெளியிலிருக்கும் எந்த மென்பொருளாலும் செய்ய முடியாது. விலை உயர்ந்த அடாப்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகமும் தெரிந்துகொள்ள வேண்டியது. இப்படிச் சிப்போடு பேசும் பழைய முறையின் பெயரான ஜேடேக், 1985-இல் கூடிய ஒரு தொழில்நுட்பக் குழுவின் பெயர்ச் சுருக்கம். பலகையில் சிப்புகள் சரியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிப்பதே அவர்களின் கவலை. கால்கள் சிறுத்து, பலகைகள் பல அடுக்குகளாகிவிட்ட பிறகு ஊசி வைத்துத் தொட்டுச் சோதிப்பது கடினமாகிவிட்டது. அதனால் நான்கு கம்பிகள் வழியாக உள்ளிருந்தே சோதிக்கும் முறையை வகுத்தார்கள். அது 1990-இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரநிலையானது. நிரலை நிறுத்தி ஆராய்வது அதன்மேல் பிற்பாடு ஏற்றிய சுமை. கால்கள் குறைவான சிப்புகளுக்காக ஆர்ம் நிறுவனம் இரண்டே கம்பிகளில் வேலை செய்யும் எஸ்டபிள்யூடி முறையைக் கொண்டுவந்தது. ஓபன்ஓசிடியோ ஆக்ஸ்பர்க் நகரின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் டொமினிக் ராத் என்பவர் 2005-இல் தன் பட்டயப் படிப்புக்காகச் செய்த திட்டத்தில் தொடங்கியது.

எண்ணி வைத்த நிறுத்தங்கள்

கணினியில் நிரல் எழுதும்போது நிரல் நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் பிரேக்பாயிண்ட்டுகளை நூறு வேண்டுமானாலும் போடலாம். அங்கே நிரல் ரேமில் இருக்கிறது. டீபக்கர் நிறுத்த வேண்டிய இடத்திலிருக்கும் ஆணையை எடுத்துவிட்டு 'நில்' என்ற ஆணையை அங்கே எழுதிவிடுகிறது, அவ்வளவுதான். மைக்ரோகண்ட்ரோலரில் நிரல் இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். அதில் ஓர் ஆணையை மாற்ற வேண்டுமென்றால் ஒரு பக்கம் முழுவதையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். எனவே சிப்புக்குள் சில ஒப்பீட்டுச் சுற்றுகளை வைத்திருக்கிறார்கள். கரு அடுத்து நிறைவேற்றப் போகும் முகவரி இவற்றில் எழுதியிருக்கும் முகவரியோடு ஒத்துப்போனால் கரு நிற்கும்.

இந்தச் சுற்றுகள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். கார்டெக்ஸ்-எம்0 வகையில் அதிகபட்சம் 4. எம்3, எம்4 வகைகளில் 6. எம்7-இல் 8. இவை உச்சவரம்புகள், தயாரிப்பாளர் இடத்தை மிச்சப்படுத்தக் குறைத்தும் வைக்கலாம். எம்3, எம்4-இல் இன்னொரு நிபந்தனையும் உண்டு: முகவரி வெளியின் முதல் 512 மெகாபைட்டுக்குள் இருக்கும் நிரலுக்குத்தான் இந்தச் சுற்றுகள் வேலை செய்யும். வெளி ரேமில் நிரலை வைத்து ஓட்டினால் பழைய 'நில்' ஆணை முறைதான் கதி.

ஆரம்பநிலையில் இருப்பவர்களை இது எப்படிக் குழப்பும் என்று பாருங்கள். ஏழாவது பிரேக்பாயிண்ட்டைப் போடும்போது ஜிடிபி மறுப்புச் சொல்லாது; எண் கொடுத்து ஏற்றுக்கொள்ளும். ஏனென்றால் அது அப்போது சிப்பிடம் எதையும் சொல்வதில்லை. 'கன்டினியூ' கொடுக்கும்போதுதான் எல்லா பிரேக்பாயிண்ட்டுகளையும் மொத்தமாகச் சிப்பில் பதிக்கும். அப்போதுதான் காலி ஒப்பீட்டுச் சுற்று இல்லை என்று ஓபன்ஓசிடி முறைக்கும். இன்னும் வேடிக்கை, ஆறையும் நிரப்பிவிட்டு 'நெக்ஸ்ட்' கொடுத்தால் அதுவும் தடுமாறக்கூடும். ஒரு ஃபங்ஷனைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், அது திரும்பி வரும் இடத்தில் ஜிடிபி தற்காலிகமாக ஒரு பிரேக்பாயிண்ட் போட வேண்டும். 'ஃபினிஷ்' கட்டளைக்கும் அப்படியே. அதனால் ஒன்றிரண்டைக் காலியாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

ஃபிளாஷிலேயே அழித்து எழுதி எண்ணற்ற பிரேக்பாயிண்ட் தரும் அடாப்டர்களும் விற்கின்றன. வசதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் தேய்கிறது. எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்பில் ஒரு பக்கத்துக்கு உத்தரவாதம் 10,000 அழிப்புகள். சோதனைப் பலகையில் இது ஒரு பொருட்டில்லை. விற்பனைக்குப் போக வேண்டிய பலகையில் இப்படி விளையாட வேண்டாம்.

வாட்ச்பாயிண்ட் விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஒரு மாறியை யார் கெடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அதன் முகவரியில் வாட்ச்பாயிண்ட் போடுவோம். எம்3, எம்4 வகைகளில் இப்படி 4 போடலாம். ஒன்று எத்தனை பைட்டுகளைக் காவல் காக்கலாம் என்பது 2-இன் அடுக்குகளில் ஏறும்: 4, 8, 16 என்று போகுமே தவிர 12 பைட் என்று கேட்க முடியாது. நிற்கும் இடமும் துல்லியமாக இருக்காது. எழுதும் ஆணை முடிந்த பிறகே கரு நிற்பதால், திரையில் காட்டும் வரி குற்றவாளிக்கு ஒன்றிரண்டு ஆணைகள் தள்ளியிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வாட்ச்பாயிண்ட் கவனிப்பது கரு எழுதுவதை மட்டுமே. டிஎம்ஏ என்ற சுற்று கருவின் உதவியின்றி நேரடியாக நினைவகத்தில் எழுதும். வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான். டிஎம்ஏவுக்குக் கொடுத்த பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தின்) நீளம் தவறாக இருந்து, அது பக்கத்து மாறியின்மேல் எழுதிக்கொண்டிருந்தால், மாறி கெடும். வாட்ச்பாயிண்ட் ஒருபோதும் அடிக்காது. மதிப்பு மாறுகிறது, ஆனால் வாட்ச்பாயிண்ட் வாய் திறக்கவில்லை என்றால், உடனே டிஎம்ஏ அமைப்புகளைப் பாருங்கள். இந்த ஒரு குறிப்பு பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

நிற்பது கரு மட்டும்தான்

எல்லா எல்லைகளிலும் இதுவே பெரியது என்பது என் கணிப்பு. 'நிறுத்து' என்றதும் சிப்பே உறைந்துவிடுகிறது என்ற எண்ணம் திரையைப் பார்ப்பவர் மனத்தில் படிந்துவிடுகிறது. உண்மையில் நிற்பது கரு ஒன்றுதான். டைமர்கள் எண்ணிக்கொண்டே இருக்கும். டிஎம்ஏ பைட்டுகளை நகர்த்திக்கொண்டே இருக்கும். சீரியல் போர்ட்டில் தரவு வந்துகொண்டே இருக்கும். வாட்ச்டாக் தன் கெடுவை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன ரீசெட் புதிருக்கு விடை பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள்தான். நிரல் உறைந்துவிட்டால் சிப்பை ரீசெட் செய்வது வாட்ச்டாக்கின் கடமை. பிரேக்பாயிண்ட்டில் நின்ற நிரலுக்கும் உறைந்துபோன நிரலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. எஸ்டிஎம்32 சிப்புகளின் தனி வாட்ச்டாக் தனக்கென ஒரு மெதுவான ஆசிலேட்டரை வைத்துக்கொண்டு ஓடுகிறது. மற்ற கடிகாரங்கள் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. நீங்கள் மாறிகளை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே சிப் ரீசெட் ஆகி, அடுத்த வரிக்கு நகர்த்தினால் நிரலின் தொடக்கத்தில் நிற்பீர்கள். இதற்காகவே கரு நிற்கும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்தும் பிட் ஒன்று டீபக் ரெஜிஸ்டரில் இருக்கிறது. டைமர்களுக்கும் தனித்தனியே அப்படிப் பிட்டுகள் உண்டு. சிப் விழித்தெழும்போது இவை அணைந்தே இருக்கும். ஓபன்ஓசிடியின் சில அமைவுக் கோப்புகள் வாட்ச்டாக் பிட்டைத் தாமே ஏற்றிவிடும், சில ஏற்றாது. உங்கள் சிப்புக்கான கோப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

சீரியல் போர்ட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். வேகம் 115200 பாட் (விநாடிக்கு 115200 பிட்) என்று வையுங்கள். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட். அதாவது விநாடிக்கு 11,520 பைட். ஒரு பைட்டுக்கு சுமார் 87 மைக்ரோவிநாடி. எளிய சிப்புகளில் வாங்கி வைக்க ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். இடைவிடாமல் தரவு வரும்போது கருவை ஒரு விநாடி நிறுத்தினால் முதல் பைட் தவிர ஏறக்குறைய எல்லாம் போய்விடும். பிழைக் கொடி ஒன்று ஏறும். மறுபடி ஓடவிட்டதும் நிரல் அந்தக் கொடியைப் பார்த்துத் திகைக்கும். நீங்கள் தேடிவந்த பிழை ஒன்று, இப்போது கண்முன் நிற்பது நீங்களே உண்டாக்கிய இன்னொன்று. குறைந்த ஆற்றல் புளூடூத் (பிஎல்இ) இணைப்பும் இப்படியே: மறுமுனைக்கு நீங்கள் டீபக் செய்வது தெரியாது. அந்தத் தரநிலை அனுமதிக்கும் மிக நீண்ட காத்திருப்பே 32 விநாடிதான். வழக்கத்தில் அதைவிட மிகக் குறைவாகவே வைப்பார்கள். இணைப்பு அறுந்துவிடும்.

மோட்டார் விஷயத்தில் பணமும் பாதுகாப்பும் சேர்ந்துகொள்கின்றன. மோட்டாரை ஓட்டும் நிரல் மின்னோட்டத்தை அளந்து, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிப்பின் அகலத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். கருவை நிறுத்தினால் திருத்துவதற்கு ஆளில்லை. டைமர் மட்டும் கடைசியாகச் சொன்ன அகலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பும். மின்னோட்டம் ஏறும், டிரான்சிஸ்டர் புகையும். சரி, டைமரையும் நிறுத்தும் பிட்டை ஏற்றிவிடலாம் என்றால், அதிலும் கவனம் தேவை. சில சிப்புக் குடும்பங்களில் டைமர் இப்படி நின்றால் வெளியீடும் பாதுகாப்பாக அணைந்துவிடும். மற்றவற்றில் வெளியீடு இருந்த நிலையிலேயே, ஒருவேளை முழுதாகத் திறந்த நிலையிலேயே, உறைந்துவிடக்கூடும். உங்கள் சிப் எந்த வகை என்று கையேட்டில் பார்க்காமல், மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தபடி பிரேக்பாயிண்ட் போடாதீர்கள்.

காலம் இரண்டாகப் பிரிவதும் இதன் இன்னொரு முகம். கார்டெக்ஸ்-எம் கருவோடு சேர்ந்த சிஸ்டிக் என்ற டைமர், கரு நின்றால் தானும் நின்றுவிடும். நிகழ்நேர இயங்குதளங்கள் பெரும்பாலும் அதை வைத்தே நேரம் பார்க்கின்றன. வெளியே உள்ள டைமர்களோ ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு விட்டால், நிரலின் ஒரு பாதி நேரமே ஆகவில்லை என்று நம்பும். மறுபாதி ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று சொல்லும். இரண்டையும் ஒப்பிடும் வரி எங்காவது இருந்தால் விபரீதமான முடிவெடுக்கும்.

வரி வரியாக நகர்த்தும்போது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் காத்திருக்கும் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து வேறு வேலைக்கு அழைக்கும் சமிக்ஞை) ஒன்று குறுக்கே பாய்ந்து, உங்களைத் தன் ஃபங்ஷனுக்குள் இழுத்துக்கொண்டு போகும். பார்க்க வந்த வரிக்கு ஒருபோதும் போய்ச் சேர மாட்டீர்கள். ஓபன்ஓசிடியில் நகர்த்தும்போது மட்டும் இன்டரப்ட்டுகளை மறைத்துவைக்கும் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் நிம்மதியாக நகரலாம். ஆனால் அப்போது நீங்கள் பார்ப்பது இன்டரப்ட்டே இல்லாத ஒரு கற்பனை உலகம். இன்டரப்ட்டுக்கும் முதன்மை நிரலுக்கும் நடக்கும் மோதலால் வரும் பிழையை அங்கே தேடிப் பயனில்லை.

இரண்டு கருக்கள் உள்ள சிப்பில் ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக நிற்காது. இரண்டையும் சேர்த்து நிறுத்தும் குறுக்கிணைப்பு சிப்பில் இருந்தால், அதைத் தனியே அமைக்க வேண்டும்.

பார்ப்பதாலேயே மாறுவது

நினைவகத்தைப் படிப்பது தீங்கற்ற செயல் என்று நினைக்கிறோம். ரேமுக்கு அது சரி. ஆனால் சீரியல் போர்ட்டின் தரவு ரெஜிஸ்டரைப் படித்தால், 'புதிய பைட் வந்திருக்கிறது' என்ற கொடி தானாக இறங்கிவிடும். வன்பொருள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. படித்தது உங்கள் நிரலா, திரையின் ஓரத்தில் திறந்து கிடக்கும் ரெஜிஸ்டர் ஜன்னலா என்று அதற்குத் தெரியாது. அந்த ஜன்னல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரு பைட்டை விழுங்கும். நிரலுக்குப் போய்ச் சேர வேண்டிய தரவை டீபக்கர் தின்றுவிட்டது என்று யாருக்குத் தோன்றும்? தேவையில்லாத ஜன்னல்களை மூடி வையுங்கள்.

மின்சாரச் செலவை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உறக்கத்துக்குப் போகும் சிப்பில் கடிகாரங்கள் அணையும். அப்போது டீபக் இணைப்பும் அறுந்துவிடும். அறுந்துபோகாமல் இருக்க, உறக்கத்திலும் கடிகாரத்தை ஓடவிடும் பிட்டுகளைக் கருவி ஏற்றிவைக்கும். இணைப்பு பிழைக்கும், ஆனால் சிப் உண்மையில் உறங்குவதில்லை. அந்த நிலையில் அளந்த மின்னோட்டம் பொய். ஒயரை உருவிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். கார்டெக்ஸ்-எம் கருவில் டீபக் முறையை இயக்கும் பிட், சாதாரண ரீசெட்டுக்கு மசியாது. மின்சாரத்தை முழுதாக நிறுத்தித் திரும்பக் கொடுத்தால்தான் உறுதியாக இறங்கும். அளக்கும் முன் மின்சாரத்தை ஒரு முறை துண்டித்துவிடுங்கள்.

செமிஹோஸ்டிங் என்ற வசதி புதியவர்களுக்குத் தேன் கூடு, அதில் தேனீயும் உண்டு. நிரலிலிருந்து அச்சிடும் வாசகம் டீபக்கர் வழியாகக் கணினித் திரையில் வரும். தனியாகச் சீரியல் ஒயர் வேண்டியதில்லை. அது வேலை செய்யும் விதம் இதுதான்: நிரல் 'நில்' ஆணையை நிறைவேற்றும், கரு நிற்கும், ஓபன்ஓசிடி அதைக் கவனித்து வாசகத்தைப் படித்துக்கொண்டு கருவை மறுபடி ஓடவிடும். ஓபன்ஓசிடி சிப்பின் நிலையை வழக்கமாக 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை விசாரிக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அச்சும் எவ்வளவு மந்தமாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். நேரத்தை நம்பியிருக்கும் நிரல் இதில் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அதைவிட மோசம், டீபக்கர் இல்லாதபோது அந்த 'நில்' ஆணையைக் கவனிக்க ஆளில்லை. கரு ஹார்ட் ஃபால்ட் என்ற பிழைநிலைக்குள் விழுந்து அங்கேயே கிடக்கும். மேசையில் ஓடிய சாதனம் வாடிக்கையாளரிடம் போனதும் செத்துவிட்டது என்ற புகாருக்குப் பின்னால், நீக்க மறந்த ஓர் அச்சு வரி இருக்கலாம்.

மின்னியல் பக்கமும் ஒன்று இருக்கிறது. அடாப்டரை மாட்டினால் பலகையின் தரையிணைப்பு கணினியின் தரையிணைப்போடு சேர்கிறது. சிப்பின் கால்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் உள்ளே கசியவும் செய்யலாம். பலகையில் தரையிணைப்பு தளர்ந்திருந்தால், டீபக்கர் மாட்டியிருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும், கழற்றினால் பிழை. இதற்கு நிரலில் விடை தேடினால் கிடைக்காது.

ஒயரும் வேகமும் பூட்டும்

சிப்பே கிடைக்கவில்லை என்று ஓபன்ஓசிடி சொன்னால், முதலில் வேகத்தைக் குறையுங்கள். நீண்ட ஜம்பர் ஒயர்களில் துடிப்புகள் சிதையும். பழைய ஆர்ம்7, ஆர்ம்9 சிப்புகளில் ஜேடேக் வேகம் கருவின் கடிகாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. 32 கிலோஹெர்ட்ஸில் விழித்தெழும் சிப் என்றால் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ்தான் தாங்கும். இப்போதைய சிப்புகளில் இவ்வளவு நெருக்கடி இல்லை.

வேகத்தைக் குறைத்தும் பேசவில்லை என்றால், நிரலே கதவைச் சாத்தியிருக்கலாம். எஸ்டபிள்யூடி கால்களைச் சாதாரணக் கால்களாகவும் பயன்படுத்தலாம். நிரல் தொடங்கியதும் அவற்றை வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் டீபக்கருக்கு வழியில்லை. தொடங்கியதுமே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் நிரலும் இதையே செய்யும். ரீசெட் காலையும் அடாப்டரோடு இணைத்து, சிப்பை ரீசெட்டில் பிடித்தபடியே இணைப்பை ஏற்படுத்துவதுதான் மருந்து. இதனால்தான் ரீசெட் ஒயரைச் சோம்பலால் விட்டுவிடக்கூடாது.

அடையாள எண் பொருந்தவில்லை என்ற செய்தியும் அடிக்கடி வரும். ஒவ்வொரு டீபக் சுற்றுக்கும் 32 பிட் எண் ஒன்று உண்டு. எஸ்டிஎம்32எஃப்103-இல் அது 1 என்ற இலக்கத்தில் தொடங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பலகைகளில் சில 2-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லும். உள்ளே இருப்பது வேறொருவர் செய்த ஒத்த சிப். அமைவுக் கோப்பில் எண்ணை மாற்றினால் பேசும். ஆனால் ஃபிளாஷ் அளவு, சிறு நடத்தைகள் எல்லாம் அசலைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பூட்டு வேறு ரகம். எஸ்டிஎம்32எஃப்4 போன்ற சிப்புகளில் வாசிப்புப் பாதுகாப்பு மூன்று படிகளாக இருக்கிறது. 0 என்றால் திறந்த வீடு. 1 என்றால் டீபக்கர் வழியாக ஃபிளாஷைப் படிக்க முடியாது. திரும்ப 0-க்கு வர, ஃபிளாஷ் முழுவதும் அழிந்துபோகும். 2 என்றால் டீபக் வாசல் நிரந்தரமாக மூடிவிட்டது, மீட்சியே கிடையாது. விளையாட்டாகக்கூட 2-ஐத் தொடாதீர்கள்.

திரையில் தெரியும் வரி உண்மையா?

ஜிடிபி காட்டும் மூல வரிகள் சிப்பிலிருந்து வருவதில்லை. உங்கள் கணினியில் இருக்கும் கோப்பிலிருந்து வருகின்றன. நிரலை மாற்றித் தொகுத்துவிட்டு சிப்பில் ஏற்ற மறந்தால், பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்க, திரையில் புதிய வரிகள் நகரும். அம்புக்குறி வெற்று வரியிலும் குறிப்புரையிலும் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். கோப்பும் சிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க ஜிடிபியிலும் ஓபன்ஓசிடியிலும் கட்டளைகள் இருக்கின்றன.

கம்பைலரின் கைவண்ணம் இன்னொரு பக்கம். வேகத்துக்காக அது வரிகளை முன்பின் மாற்றும், மாறிகளை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டு வேலை முடிந்ததும் தூக்கியெறியும். அந்த மாறியைக் கேட்டால் அது நீக்கப்பட்டுவிட்டது என்று ஜிடிபி கைவிரிக்கும். மேம்படுத்தலை அணைத்துத் தொகுத்தால் எல்லாம் தெரியும். ஆனால் நிரல் பருத்து மெதுவாகிவிடுவதால் நேரம் சார்ந்த பிழை ஓடி ஒளிந்துகொள்ளவும் வாய்ப்புண்டு.

ஹார்ட் ஃபால்ட் வந்து நிற்கும்போது காட்டும் முகவரியையும் அப்படியே நம்ப வேண்டாம். எம்3, எம்4 கருக்கள் நினைவகத்தில் எழுத வேண்டியதை ஒரு சிறு பஃபரில் போட்டுவிட்டு அடுத்த ஆணைக்குப் போய்விடும். எழுதும் முயற்சி தோற்றது என்ற செய்தி வரும்போது கரு சில ஆணைகள் தள்ளிப் போயிருக்கும். அந்த பஃபரை அணைக்கும் பிட் ஒன்று கருவின் துணைக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் உண்டு. தற்காலிகமாக ஏற்றிவிட்டுப் பிழையை மறுபடி வரவழைத்தால், இந்த முறை சரியான ஆணையிலேயே பிடிபடும்.

நிறுத்தாமல் பார்ப்பது

நேரம் சார்ந்த பிழைகளுக்கு, நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் சில நாட்களில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. அங்கே பிரேக்பாயிண்ட் போட வழியில்லை. போட்டாலும் பயன் இருந்திருக்காது. தரையிலிருந்த அதே மாதிரி அமைப்பில் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி, பிழை மறுபடி தோன்றும்வரை ஓடவிட்டுத்தான் பொறியாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். முன்னுரிமை குறைந்த வேலை ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, முன்னுரிமை மிகுந்த வேலை காத்துக் கிடந்திருக்கிறது.

நம் மேசையில் இதற்குச் சமமான எளிய வழி: சந்தேகமான இடத்தில் சிப்பின் ஒரு காலின் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடிந்ததும் இறக்கி, அந்த ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் லாஜிக் அனலைசரில் பார்ப்பது. செலவு ஓரிரு ஆணைகள்தான். ரேமில் ஒரு வட்டப் பஃபரை வைத்து நிகழ்வுகளை எழுதிக்கொண்டே போவது அடுத்தது. கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் கரு ஓடிக்கொண்டிருக்கும்போதே டீபக்கரால் ரேமைப் படிக்க முடியும்; ஆர்டிடி என்ற முறை இதைத்தான் பயன்படுத்துகிறது, ஓபன்ஓசிடியும் அதை ஆதரிக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஓடும்போதே பல நினைவக இடங்களில் பரவிய கட்டமைப்பைப் படித்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடைக்கலாம். எஸ்டபிள்யூஓ என்ற ஒற்றைக் காலில் தடத்தை (நிரல் ஓடிய பதிவை) வெளியே அனுப்பும் வசதி எம்3 முதல் உண்டு, எம்0-இல் கிடையாது. வேகம் போதாவிட்டால் நடுவில் சில பொட்டலங்கள் காணாமல் போகும். ஓடிய ஒவ்வொரு ஆணையையும் பதிவுசெய்யும் முழுத் தடச்சுற்று இருக்கும் சிப்பில்கூட, அதற்கான கால்களைப் பலகை வடிவமைப்பாளர் வெளியே கொண்டுவந்திருந்தால்தான் பயன்.

கடைசியாக, வெளியே ஓடி உறைந்துபோன சாதனம் அப்படியே கைக்கு வந்தால் என்ன செய்வது? மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். டீபக் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பல நிரலாக்கச் சூழல்களில் அந்தப் பொத்தானுக்கு 'ரீசெட் செய், ஃபிளாஷில் ஏற்று, பிறகு நிறுத்து' என்றே பொருள். ரீசெட் ஆனதும் ரெஜிஸ்டர்கள் போய்விடும். தொடக்க நிரல் ஓடினால் ரேமிலுள்ள மாறிகளும் போய்விடும். ஃபிளாஷில் ஏற்றும்போது ஓபன்ஓசிடி ரேமின் ஒரு பகுதியைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வதால் அங்கிருந்த தடயமும் அழியும். ரீசெட் ஒயரை மாட்டாமல் இரண்டு கம்பிகளையும் தரையிணைப்பையும் மட்டும் இணையுங்கள். ஓபன்ஓசிடியில் ரீசெட் இல்லாத வெறும் நிறுத்தக் கட்டளையைக் கொடுங்கள். முதலில் ரெஜிஸ்டர்களையும் முழு ரேமையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அந்தச் சாதனத்தில் ஓடிய அதே பதிப்பின் கோப்பை ஜிடிபியில் ஏற்றி, அதன் பிறகே ஆராயத் தொடங்குங்கள்.